அப்பா வைத்தது ஒரு பெயர்... நாம் படித்தது வேறு பெயர்! புனைபெயர்களுக்குப் பின்னால் இருக்கும் கதைகள்

கிறுக்கன், கிண்டல்காரன், எமன், லாங்கூலன், வணங்காமுடி, ரசமட்டம்...

இதெல்லாம் மொபைலில் கேம் ஆடும் பசங்க வைத்துக்கொள்ளும் பெயர்கள் என்று நினைத்தால் தப்பு. முதல் இரண்டும் பாவேந்தர் பாரதிதாசனுடையவை. எமனும் லாங்கூலனும் 'பொன்னியின் செல்வன்' எழுதிய கல்கியின் பெயர்கள். லாங்கூலன் என்றால் வால் உள்ளவன்! வணங்காமுடி, கவியரசு கண்ணதாசன். ரசமட்டம், புதுமைப்பித்தன்.

பெற்றோர் நமக்குப் பெயர் வைக்கும்போது நம்மிடம் யாரும் சம்மதம் கேட்பதில்லை. தாத்தா பெயர், குலதெய்வத்தின் பெயர், நட்சத்திரத்துக்குப் பொருந்தும் எழுத்து என்று ஏதோ ஒரு கணக்கில் வைத்துவிடுகிறார்கள். ஆனால், ஒருவர் வளர்ந்த பிறகு தனக்கென்று ஒரு பெயரைத் தேர்ந்தெடுத்தால், அதற்குக் கட்டாயம் ஒரு காரணம் இருக்கும். பிடித்த ஒருவர் மீதான பக்தி, நண்பரின் கேலி, வேலையிடத்து நெருக்கடி, வீட்டுக்குத் தெரிந்துவிடக் கூடாதே என்ற பயம்... தமிழ் எழுத்தாளர்களின் புனைபெயர்களைக் கொஞ்சம் சுரண்டிப் பார்த்தால் இவை எல்லாமே வெளியே வருகின்றன.

மூன்று ரங்கராஜன்கள்

ஒரே காலகட்டத்தில் தமிழில் மூன்று ரங்கராஜன்கள் எழுதிக்கொண்டிருந்தார்கள். மூன்று பேருமே பின்னாளில் வீடு வீடாகத் தெரிந்தவர்கள்.

முதலாமவர் ரா.கி.ரங்கராஜன். கும்பகோணத்துக்காரர். எஸ்.ஏ.பி. ஆசிரியராக இருந்த காலத்தில் குமுதம் இதழின் தூண்களில் ஒருவர். 'பட்டாம்பூச்சி' என்ற தலைப்பில் இவர் மொழிபெயர்த்த 'பாப்பியான்' தொடரை இன்றும் நினைவு வைத்திருப்பவர்கள் உண்டு.

இரண்டாமவர் எஸ்.ரங்கராஜன். திருவரங்கத்தில் வளர்ந்து, பொறியியல் படித்து, பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். 1962இல் இவருடைய 'இடது ஓரத்தில்' சிறுகதை குமுதத்தில் வெளியானது. அங்கேதான் சிக்கல். அதே பத்திரிகையில் ஏற்கெனவே ஒரு ரங்கராஜன் பிரபலமாக இருக்கிறார். இன்னொரு ரங்கராஜன் வந்தால் வாசகர்கள் யாரை யார் என்று கண்டுபிடிப்பார்கள்? அதனால் மனைவியின் பெயரைத் தன் பெயராக எடுத்துக்கொண்டார். 1968இல் 'நைலான் கயிறு' தொடர்கதை வந்தபோது அதில் இருந்த பெயர் சுஜாதா. எழுதியது பெண் என்றே பல வாசகர்கள் ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

சுஜாதா ஊரை மட்டும் விடவில்லை. கணையாழி இதழின் கடைசிப் பக்கத்தை எழுத ஆரம்பித்தபோது அவர் வைத்துக்கொண்ட பெயர் 'ஸ்ரீரங்கம் எஸ்.ஆர்.'

மூன்றாமவர் டி.எஸ்.ரங்கராஜன். இவரும் திருவரங்கத்தில் வளர்ந்தவர்தான். பெரிய பெருமாள் பெயர் ரங்கநாதர் என்பதால் அந்த ஊரில் ரங்கராஜன்களுக்குப் பஞ்சமே இல்லை! ஆனால், தமிழ் சினிமா ரசிகர்களிடம் போய் டி.எஸ்.ரங்கராஜன் என்றால் யாருக்கும் தெரியாது. வாலி என்றால்தான் தெரியும்.

அடுத்தவர் சூட்டியது... அப்படியே ஒட்டிக்கொண்டது!

வாலி என்ற பெயர் வந்த விதம் சுவாரஸ்யமானது. சிறுவயதில் அவருக்குப் படம் வரைவதில்தான் ஆர்வம் அதிகம். அப்போது ஆனந்த விகடனில் ஓவியர் மாலியின் கோடுகள் தமிழகத்தையே கட்டிப்போட்டிருந்த நேரம். "மாலி மாதிரி நீயும் பெரிய ஓவியனாக வர வேண்டும். அதனால் நீ வாலி" என்று பள்ளித் தோழர் ஒருவர் சூட்டிய பெயர் அது. 'வாலி என்கிறாயே, வால் எங்கே?' என்று ஆசிரியர் கேலி செய்ததும், வால் இல்லாவிட்டால் வாலியாக இருக்கக் கூடாதா என்று பாட்டாகவே பதில் சொன்னதும் வாலி பின்னாளில் மேடைகளில் ரசித்துச் சொன்ன கதைகள். ஓவியராக வர வேண்டும் என்று வைத்த பெயர், கடைசியில் பாடலாசிரியருக்குப் பொருந்திப்போனது.

அந்த மாலியும் நிஜப்பெயர் இல்லை. மகாலிங்கம் என்பதுதான் மாலி ஆனது. தன்னிடம் வந்த இளைஞர்களுக்குப் பெயர் வைப்பதில் அவருக்கு ராசியான கை. கோபாலன் என்ற இளைஞரை 'கோபுலு' ஆக்கியவர் அவர்தான். கோயில் சிற்பங்களை அச்சு அசலாகக் கோட்டில் கொண்டுவந்த சீனிவாசனுக்கு 'சில்பி' என்று பெயர் வைத்ததும் அவரே.

சிறுகதை உலகத்திலும் இப்படி ஒரு பெயர்சூட்டல் உண்டு. எஸ்.மணி என்பவர் 1930களில் கதை எழுத ஆரம்பித்தார். மணிக்கொடி இதழின் ஆசிரியராக இருந்த பி.எஸ்.ராமையா அவருக்கு வைத்த பெயர் 'மௌனி'. வாழ்நாள் முழுவதும் அவர் எழுதியது சுமார் 24 கதைகள்தான். பெயருக்கு ஏற்ற மாதிரியே குறைவாகப் பேசியவர்! ஆனால், அந்தக் கொஞ்சம் கதைகளுக்காகவே அவரைச் சிறுகதையின் திருமூலர் என்று புகழ்ந்தார் புதுமைப்பித்தன்.

'கேட்ட வரம்' நாவலை எழுதிய அனுத்தமாவின் இயற்பெயர் ராஜேஸ்வரி. அவருக்கு இந்தப் புனைபெயரைக் கொடுத்தவர் மாமனார். மருமகள் எழுதுவதை வீடுகள் சந்தேகத்தோடு பார்த்த காலம் அது. அந்தக் காலத்தில் மாமனாரே பெயர் வைத்துக் கொடுத்திருக்கிறார் என்பதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். எழுதலாம் என்று சொல்லாமல் சொன்ன அனுமதி அது.

தாசன் சங்கிலி

பெயரிலேயே ஒருவர் மீதான பக்தியைப் பொறித்துக்கொள்வது தமிழ்க் கவிஞர்களின் தனி வழக்கம்.

எட்டயபுரம் சபையில் 11 வயதுச் சுப்பிரமணியனுக்குக் கிடைத்த பட்டம்தான் 'பாரதி'. அந்தப் பாரதிக்கு ஆங்கிலக் கவிஞர் ஷெல்லி மீது தீராத காதல். அதனால் 'ஷெல்லிதாசன்' என்ற பெயரிலும் எழுதினார்.

1908இல் பாரதி புதுச்சேரிக்குப் போனார். அங்கே கனகசுப்புரத்தினம் என்ற இளைஞர் அவரோடு பழகினார். பழகிய வேகத்தில் தன் பெயரையே மாற்றிக்கொண்டார், பாரதிதாசன் ஆனார். இவர் பிரெஞ்சு அரசின் பள்ளியில் தமிழாசிரியர். சம்பளம் கொடுப்பது அரசாங்கம், மனதில் இருப்பதோ புரட்சி. கிறுக்கன், கிண்டல்காரன் போன்ற பெயர்கள் இப்படிப்பட்டவருக்கு எவ்வளவு கைகொடுத்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

அடுத்த கண்ணி ராஜகோபாலன். அவர் பாரதிதாசனின் சீடர். ஆசிரியரின் பெயரோடு ஒரு தாசனைச் சேர்த்து 'சுப்புரத்தினதாசன்' என்று வைத்துக்கொண்டார். அதைச் சுருக்கியபோது கிடைத்ததுதான் 'சுரதா'. உவமைக் கவிஞர் என்று கொண்டாடப்பட்ட அதே சுரதா.

ஷெல்லிக்குத் தாசன் பாரதி, பாரதிக்குத் தாசன் சுப்புரத்தினம், சுப்புரத்தினத்துக்குத் தாசன் ராஜகோபாலன். இங்கிலாந்தில் தொடங்கி எட்டயபுரம், புதுச்சேரி வழியாக நீளும் சங்கிலி இது. யார் யாரிடம் கற்றார்கள் என்று தெரிந்துகொள்ள வரலாற்றுப் புத்தகம்கூட வேண்டாம்; பெயர்களே போதும்.

கண்ணதாசனும் ஒரு தாசன்தான். ஆனால், அந்தப் பெயர் வந்த கதை வேறு. சிறுகூடல்பட்டியில் பிறந்த முத்தையா, வேலை தேடி ஒரு பத்திரிகை அலுவலகத்துக்குப் போகிறார். 'என்ன புனைபெயரில் எழுதுகிறாய்?' என்று கேட்கிறார்கள். அப்படி எதுவும் அவரிடம் இல்லை. இல்லை என்று சொன்னால் வேலை கிடைக்காதோ என்ற தவிப்பு. சில நொடி யோசித்து 'கண்ணதாசன்' என்று சொல்லிவிட்டார் என்பது அவரைப் பற்றிப் பலமுறை சொல்லப்பட்ட சம்பவம். நேர்காணலில் வாயில் வந்த பெயர், தமிழ் உள்ளவரை நிற்கும் பெயராகிவிட்டது.

ஆள் ஒன்று, பெயர் பல

ஒரே பெயரில் எல்லாவற்றையும் எழுத முடியாது என்று நினைத்தவர்களும் இருக்கிறார்கள்.

சுஜாதாவுக்குப் பெயர் மாற்ற வேண்டிய நிலையை ஏற்படுத்திய ரா.கி.ரங்கராஜனே சொந்தப் பெயரோடு நிற்கவில்லை. சூர்யா, ஹம்சா, மாலதி, கிருஷ்ணகுமார், வினோத், மோகினி, அவிட்டம் என்று ஒரு பட்டியலே வைத்திருந்தார். மர்மக் கதைக்கு ஒரு பெயர், சரித்திரக் கதைக்கு ஒரு பெயர், சினிமாச் செய்திக்கு ஒரு பெயர். ஒரே வார இதழில் ஒரே ஆள் பல விஷயங்களை எழுத வேண்டியிருந்தது. ஒவ்வொரு பக்கத்திலும் அதே பெயரைப் பார்த்தால் வாசகருக்குச் சலிக்காதா?

கல்கி என்கிற ரா.கிருஷ்ணமூர்த்தி, இசை, நாடக விமர்சனங்களைக் 'கர்நாடகம்' என்ற பெயரில் எழுதினார். கல்கி என்ற பெயருக்கே இரண்டு விளக்கங்கள் சொல்வார்கள். நவசக்தி இதழில் தனக்குக் குருவாக இருந்த திரு.வி.கல்யாணசுந்தரனாரின் 'கல்' என்பதோடு தன் பெயரின் 'கி'யைச் சேர்த்துக்கொண்டார் என்பது ஒன்று. பழையதை முடித்துப் புதிய யுகத்தைக் கொண்டுவரும் திருமாலின் பத்தாவது அவதாரம் என்பது இன்னொன்று. எதுவாக இருந்தாலும், 1941இல் அவர் தொடங்கிய இதழுக்கு அந்தப் பெயரே பொருத்தமாக அமைந்தது.

புதுமைப்பித்தனின் நிஜப்பெயர் சொ.விருத்தாசலம். விருத்தாசலம் என்றால் பழைய மலை. பழமலை என்றும் அந்தத் தலத்தைச் சொல்வார்கள். பெயரிலேயே பழமையைச் சுமந்தவர், தான் தேர்ந்தெடுத்த பெயரில் புதுமையை வைத்துக்கொண்டார்! கவிதைகளுக்கு 'வேளூர் வெ.கந்தசாமிப் பிள்ளை', அடுத்தவர் எழுத்தை உரசிப் பார்க்கும் விமர்சனங்களுக்கு 'ரசமட்டம்'. கொத்தனார் தரை சமமாக இருக்கிறதா என்று பார்க்க வைக்கும் கருவிதானே ரசமட்டம்? தழுவல் கதைகள் பற்றிய சண்டையில் கல்கியையும் விட்டுவைக்கவில்லை அந்த ரசமட்டம்.

திருநெல்வேலி சி.கல்யாணசுந்தரம், சிறுகதை எழுதினால் வண்ணதாசன். கவிதை எழுதினால் கல்யாண்ஜி. இரண்டு பெயருக்கும் தனித்தனி ரசிகர்கள் உண்டு. 'ஒரு சிறு இசை' சிறுகதைத் தொகுப்புக்காக 2016இல் சாகித்ய அகாடமி விருது வண்ணதாசனுக்குக் கிடைத்தபோது, கல்யாண்ஜியின் ரசிகர்களும் சேர்ந்தே கொண்டாடினார்கள்.

எல்லோரையும்விட ஆச்சர்யமானவர் வேணுகோபால். 'திருவரங்கன் உலா' என்ற பக்தி மணக்கும் சரித்திர நாவலை ஸ்ரீவேணுகோபாலன் என்ற பெயரில் எழுதினார். அதே கை, புஷ்பா தங்கதுரை என்ற பெயரில் கிளுகிளுப்பும் க்ரைமும் கலந்த கதைகளை எழுதித் தள்ளியது. அரங்கன் கதையைப் பாட்டி படிப்பார், புஷ்பா தங்கதுரையைப் பேரன் ஒளித்துவைத்துப் படிப்பான். இருவரும் படிப்பது ஒரே எழுத்தாளரை என்பது இருவருக்குமே தெரியாது!

இதற்கு நேர்மாறாக, இரண்டு பேர் சேர்ந்து ஒரே பெயரில் எழுதியதும் உண்டு. சுரேஷ், பாலகிருஷ்ணன் என்ற இரு நண்பர்களின் முதல் எழுத்துகள்தான் 'சுபா'.

மனைவி பெயர், அம்மா பெயர்

சுஜாதா மட்டும் இல்லை. 'குருதிப்புனல்' நாவலுக்காக 1977இல் சாகித்ய அகாடமி விருது பெற்ற இந்திரா பார்த்தசாரதியின் பெயரில் இருக்கும் இந்திரா, அவருடைய மனைவி. அப்புசாமி - சீதாப்பாட்டியைப் படைத்துத் தலைமுறைகளைச் சிரிக்கவைத்த பாக்கியம் ராமசாமியின் உண்மைப்பெயர் ஜ.ரா.சுந்தரேசன். பாக்கியம் அவருடைய அம்மா, ராமசாமி அவருடைய அப்பா. கதை வெளியான ஒவ்வொரு வாரமும் பெற்றோர் பெயர் அச்சில் வந்தது.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. இங்கிலாந்தில் நடந்தது இதற்கு நேர் எதிர். 1846இல் ஷார்லட், எமிலி, ஆன் என்ற பிரான்ட்டி சகோதரிகள் தங்கள் கவிதைகளை வெளியிட்டபோது கரர் பெல், எல்லிஸ் பெல், ஆக்டன் பெல் என்ற பெயர்களின் பின்னால் ஒளிந்துகொண்டார்கள். மேரி ஆன் எவன்ஸ் என்ற பெண் 'ஜார்ஜ் எலியட்' என்ற ஆண் பெயரில்தான் உலகப் புகழ் பெற்றார். பெண் எழுதியது என்று தெரிந்தால் அதைத் தராசில் வேறு எடைக்கல் போட்டு நிறுப்பார்கள் என்ற பயம் அவர்களுக்கு இருந்தது.

தமிழில் ஆண்கள் பெண் பெயரை வைத்துக்கொண்டது அன்பினால், வசதிக்காக. பெண்கள் பெயரை மாற்றிக்கொண்டதற்கான காரணங்கள் அவ்வளவு இலகுவானவை அல்ல.

பெயருக்குள் ஒரு வீடு

திரிபுரசுந்தரி மருத்துவக் கல்லூரி மாணவி. குடும்பத்தில் பண நெருக்கடி. படிப்புச் செலவுக்குக் கதை எழுத ஆரம்பித்தார். 'லக்ஷ்மி' என்ற பெயரில் வந்த அந்தக் கதைகளும் நாவல்களும் வீட்டுப் பெண்களின் மதிய நேரத்தை ஆண்டன. எழுத்தில் வந்த வருமானம் படிப்புக்குக் கைகொடுத்தது, அவர் டாக்டர் ஆனார். 1984இல் 'ஒரு காவிரியைப் போல' நாவலுக்காக சாகித்ய அகாடமி விருதும் வாங்கினார். நோயாளிகளுக்கு டாக்டர் திரிபுரசுந்தரி, வாசகிகளுக்கு லக்ஷ்மி.

சி.எஸ்.லக்ஷ்மி என்ற இன்னொருவர், தன் பெயரை ஒரு நாவலிலிருந்து எடுத்துக்கொண்டார். 'துப்பறியும் சாம்பு'வை எழுதிய தேவனின் 'பார்வதியின் சங்கல்பம்' நாவலில் கணவன் மதிக்காத ஒரு மனைவி வருகிறாள். அவள் எழுதத் தொடங்கும்போது வைத்துக்கொள்ளும் பெயர் 'அம்பை'. மகாபாரதத்தில் தனக்கு நேர்ந்த அவமானத்துக்காகச் சிகண்டியாக மறுபிறவி எடுத்து வரும் அம்பையும் அவர் மனதில் இருந்தாள். தன் பெயருக்குப் பின்னால் இந்த இருவரும் இருப்பதை அம்பை சொல்லியிருக்கிறார்.

கதைகளுக்கு அம்பை, ஆய்வுகளுக்கு சி.எஸ்.லக்ஷ்மி. தமிழ்ப் பெண் எழுத்தாளர்களைப் பற்றி அவர் ஆங்கிலத்தில் எழுதி 1984இல் வெளியான ஆய்வு நூலின் தலைப்பு, 'முகமூடிக்குப் பின்னால் இருக்கும் முகம்' என்று பொருள்படும். 2021இல் 'சிவப்புக் கழுத்துடன் ஒரு பச்சைப் பறவை' தொகுப்புக்காக அவருக்கு சாகித்ய அகாடமி விருது கிடைத்தது.

எல்லாவற்றையும்விடப் பெரிய விலை கொடுத்து வைக்கப்பட்ட பெயர் ஒன்று உண்டு. அது சல்மா.

திருச்சி மாவட்டம் துவரங்குறிச்சியைச் சேர்ந்த ரொக்கையாவுக்குப் படிப்பென்றால் உயிர். ஆனால், பெரிய மனுஷி ஆனதும் ஊர் வழக்கப்படி பள்ளிக்கூடம் நின்றுபோனது. வெளியே போவதும் நின்றது. வீட்டுக்குள் இருந்தபடியே கிடைத்ததையெல்லாம் படித்தார், கவிதை எழுதினார். திருமணத்துக்குப் பிறகு எழுதுவதே பெரும்பாடானது. எல்லோரும் தூங்கிய பின், கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, கையில் கிடைத்த தாளில் எழுத வேண்டியிருந்தது. எழுதியதை வீட்டுக்குத் தெரியாமல் வெளியே கொண்டுசேர்த்தவர் அவருடைய அம்மா.

கவிதை அச்சில் வரும்போது சொந்தப் பெயர் இருந்தால் மறுநாளே விஷயம் வெடித்துவிடும். அதனால்தான் 'சல்மா'. கவிஞர் சல்மா யார் என்று தமிழ் வாசகர்கள் தேடிக்கொண்டிருந்த நேரத்தில், அவர் அதே ஊரில், அதே வீட்டில், சமையல் செய்துகொண்டிருந்தார்.

அவருடைய முதல் கவிதைத் தொகுப்பு 'ஒரு மாலையும் இன்னொரு மாலையும்'. அடுத்து ஊராட்சித் தேர்தல் வந்தது. பொன்னம்பட்டி பேரூராட்சித் தலைவர் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டதால், வீட்டிலிருந்து ஒரு பெண் போட்டியிட வேண்டிய கட்டாயம். எழுதக் கூடாது என்று தடுக்கப்பட்டவர் தேர்தலில் நின்றார், வென்றார். 2004இல் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' நாவல் வெளியானது. 2013இல் அவருடைய வாழ்க்கையை ஆவணப்படமாக எடுத்தார் பிரிட்டிஷ் இயக்குநர் கிம் லாஞ்சினாட்டோ. படத்தின் பெயரும் 'சல்மா'தான்.

2025இல் அவர் மாநிலங்களவை உறுப்பினர் ஆனார். அதற்கான வேட்பாளர் அறிவிப்பில் அவருடைய இயற்பெயருக்குப் பக்கத்திலேயே 'கவிஞர் சல்மா' என்ற பெயரும் இருந்தது. ஒரு காலத்தில் யாருக்கும் தெரியக் கூடாது என்று வைத்துக்கொண்ட பெயரைச் சொன்னால்தான் அவர் யாரென்று நாட்டுக்குத் தெரிகிறது.

உங்கள் வீட்டிலும் இருக்கலாம்

புனைபெயர் பிரபலங்களுக்கு மட்டும் சொந்தமானது அல்ல. கல்லூரி ஆண்டு மலரில் வேறு பெயரில் கவிதை எழுதிய அப்பா, வானொலி நேயர் விருப்பத்துக்கு வேறு பெயரில் கடிதம் போட்ட அத்தை, வாசகர் கடிதம் பகுதிக்குப் பேரன் பெயரில் எழுதிய தாத்தா என்று எத்தனையோ பேர் இருக்கலாம். பரணில் கிடக்கும் பழைய நோட்டின் முதல் பக்கத்தைத் திறந்தால் அந்தப் பெயர் கிடைக்கும்.

அடுத்த முறை குடும்பம் மொத்தமும் கூடும்போது, 'சின்ன வயசுல நீங்க வேற ஏதாவது பெயர் வெச்சுக்கிட்டீங்களா, ஏன் அந்தப் பெயர்?' என்று பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். பிள்ளைகள் வினோதமாக ஒரு பெயர் வைத்துக்கொண்டால், திட்டுவதற்கு முன் அவர்களிடமும் அதையே கேளுங்கள். பெயர் ஒரு வார்த்தைதான். ஆனால் 'ஏன்' என்ற கேள்விக்கு வரும் பதிலில், பக்கத்திலேயே இருந்தும் நமக்குத் தெரியாமல் போன ஏதோ ஒன்று இருக்கும்.